கண்டி நகருக்கு மூன்று முகவரி



கண்டி மாநகர் எங்கே இருக்கின்றது என வினவினால் பள்ளிச் சிறுவனும் விடை கூறுவான். மகாவலி கங்கை வளைந்தோடும் நிலத்தில், ஹந்தானை மலைக்கும் உடவத்தைக் காட்டுக்கும் இடையே, ஏரிக்கரையில் இருக்கின்றது என்பான். அவன் விடையில் பிழையொன்றுமில்லை. ஆயின் இதே வினாவை நில அளவையாளர் ஒருவரிடம் எழுப்பினால் அவர் விடை கூறுமுன் ஒரு வினாவைத் திருப்பிக் கேட்பார்: "எந்தக் கட்டத்தில்?"

தலதா மாளிகையை எடுத்துக்கொள்வோம். பழைய யார்க் கட்டத்தின்படி அது ஏறத்தாழக் கிழக்கு 160,000, வடக்கு 211,400 என்னும் இடத்தில் உள்ளது. பின்னர் வந்த மீற்றர்க் கட்டத்தின்படி கிழக்கு 185,400, வடக்கு 232,400. 1999ஆம் ஆண்டில் வகுத்த கட்டத்தின்படியோ கிழக்கு 485,400, வடக்கு 532,400. மாளிகை ஓரடியும் நகரவில்லை. அதனை எண்ணிச் சொல்லும் முறையே இரண்டு தடவை மாறிற்று. ஒரே இடத்துக்கு இத்தனை முகவரிகள் ஏன் வந்தன என்பதையும், இன்று கணினித் திரைமீது மின்னெழுதுகோல் கொண்டு படம் வரைவோருக்கு இவை எவ்வாறு இன்றியமையாதன ஆயின என்பதையும் இன்று காண்போம்.

கண்டி அரசு நிலவிய காலத்தில் நிலத்துக்கு இத்தகைய எண்கள் இருந்ததில்லை. வயலை விதைப்பாட்டால் அளந்தனர். ஓர் அமுணம் நெல் விதைக்கத்தக்க நிலம் ஓர் அமுணம். அமுணத்துக்கு நான்கு பேல. பேலவுக்குப் பத்து லாஹ. வளமான வயலில் விதை ஒருவாறு செல்லும், வறண்ட வயலில் வேறொருவாறு செல்லும். ஆதலின் ஓர் ஊரின் அமுணமும் மற்றோர் ஊரின் அமுணமும் பரப்பளவில் ஒத்திருக்க வேண்டியதில்லை. எல்லையோ ஓடை, மரம், பாறை, அடுத்தவன் வேலி என்பவற்றால் அறியப்பட்டது. இதனை அறியாமை எனச் சிலர் கூறுவர். யான் அவ்வாறு கருதவில்லை. ஊரார் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்த காலத்தில் அவ்வளவை போதியதாகவே இருந்தது. நிலத்தைக் கண்ணாற் காணாத ஒருவர் தொலைவிலிருந்து அதனை விற்கவும் வாங்கவும் முற்பட்டபோதுதான் அது போதாமற் போயிற்று.

மேலும், கண்டி மன்னர் தம் நாட்டின் வழிகளைப் பிறர் அறிவதை விரும்பினாரல்லர். கணவாய்களில் முட்கதவம் இட்டுக் காவல் வைத்தனர். 1660ஆம் ஆண்டில் சிறைப்பட்டு, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் கண்டி இராச்சியத்தின் படமொன்றையும் சேர்த்தார். காலால் நடந்து மனத்தில் பதித்த படம் அது. ஊர்களும் ஆறுகளும் அதிலுண்டு. ஆனால் ஒரு கோலை அதன்மீது வைத்து இவ்வூருக்கும் அவ்வூருக்கும் இத்தனை மைல் என அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அப்படத்தில் எல்லா இடத்துக்கும் பொதுவான அளவும் இல்லை, தொடக்கப் புள்ளியும் இல்லை.

நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 2ஆம் நாள் நிறுவப்பட்டது. ஜொன்வில் என்பார் அதன் முதல் தலைவர். அப்போது கரையோரமே ஆங்கிலேயர் வசம் இருந்தது. 1815இல் கண்டி அவர் கைப்பட்டது. மலைநாட்டை அளக்கும் வாய்ப்பும் தேவையும் ஒருங்கே வந்தன. தேவையைப் பெரிதாக்கியது கோப்பிப் பயிர். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லா நிலமும் மறுதலையாக எண்பிக்கப்படும்வரை முடிக்குரியவை என்றது. ஏக்கர் 5 சிலிங் வீதம் மலைச்சரிவுகள் விலைப்பட்டன. வாங்குவோர் பலர், அளப்போர் சிலர். விதைப்பாட்டால் நிலத்தை அறிந்திருந்த ஊரவர், படத்தாலும் எண்ணாலும் நிலத்தை அறிந்த அரசுக்கு முன்னே வழக்காட நின்றனர். படம் இருந்தவர் பக்கம் வழக்குச் சாய்ந்ததில் வியப்பில்லை.

மலைநாட்டை முறையாக அளந்தோருள் ஜோன் பிரேசர் என்னும் படைத்தலைவர் குறிப்பிடத்தக்கவர். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் 1833இல் அமைந்து 1905 வரை நின்ற பாலமும் அவர் திட்டமே. வீதி சமைப்பதிற் பெயர்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் அவருக்குத் துணைநின்று, மலையுச்சிகளில் ஏறிக் கோணம் அளந்தார். பிரேசரின் இலங்கைப் படம் 1862இல் இலண்டனில் வெளிவந்தது.

மலைநாட்டில் சங்கிலி போட்டு அளப்பது எளிதன்று. நூறு முழம் அளப்பதற்குள் ஒரு பள்ளம் குறுக்கிடும். ஆதலின் அளவையாளர் முக்கோண முறையைக் கையாண்டனர். நீர்கொழும்புக்கு அண்மையில் சமநிலத்தில் ஓர் அடிக்கோட்டை மிகக் கவனமாக அளந்தனர். அதன் ஒரு முனையே கண்டவல என்னும் இடம். ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் எஞ்சிய பக்கங்களைக் கணக்கால் அறியலாம். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணத்தை எழுப்பலாம். இவ்வாறு உச்சிக்கு உச்சி பார்வை செலுத்தி, நீர்கொழும்பில் அளந்த ஒரு கோட்டின் நீளத்தைக் கண்டி மலைகளுக்கும் அப்பால் கொண்டுசென்றனர்.

உச்சிகளின் இடம் தெரிந்தபின் அவற்றை எண்ணாற் குறிக்க வேண்டுமே. அதற்கு மூன்று செய்திகள் வேண்டும்: எங்கிருந்து எண்ணுவது, எத்திசையில் எண்ணுவது, எவ்வலகால் எண்ணுவது. எண்ணத் தொடங்கும் புள்ளியை உற்பத்தித்தானம் என்று எம் மாணவர் கணிதத்திற் படிக்கின்றனர். இலங்கையின் கட்டத்துக்கு உற்பத்தித்தானமாகத் தேர்ந்தது நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலை. தலதா மாளிகை அதற்கு மேற்கே ஏறத்தாழப் பதினான்கரைக் கிலோமீற்றரும், வடக்கே முப்பத்திரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேலும் உள்ளது.

இங்கே ஒரு நயமான சூழ்ச்சி உண்டு. மலையைச் சுழியம் எனக் கொண்டால் அதற்கு மேற்கேயுள்ள கண்டியும் கொழும்பும், தெற்கேயுள்ள மாத்தறையும் எதிரெண் பெறும். எதிரெண்ணை எழுதும்போது முன்னுள்ள சிறுகோடு தவறிவிட்டால் ஓரூர் மலையின் மறுபக்கம் போய்விடும். ஆதலின் மலைக்கே ஒரு பெரிய எண்ணைக் கொடுத்துவிட்டனர்: கிழக்கு 176,000 யார், வடக்கு 176,000 யார். இந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு மைலுக்கு 1,760 யார். 176,000 யார் என்பது சரியாக நூறு மைல். மலைக்கு மேற்கே நூறு மைல் தள்ளிக் கடலிலும், தெற்கே நூறு மைல் தள்ளிக் கடலிலும் தொடக்கக் கோடுகளை வைத்தால் நாடு முழுவதும் நேரெண்ணுக்குள் அடங்கிவிடும். மீற்றர் முறை வந்தபோது அந்த நூறு மைலுக்குப் பதிலாக 200,000 மீற்றரைக் கொடுத்தனர். 1999இல் புதிய கட்டம் வகுத்தபோது 500,000 மீற்றரைக் கொடுத்தனர். தலதா மாளிகையின் மூன்று முகவரிகளும் இப்படித்தான் பிறந்தன. மூன்றிலும் மலையை நோக்கிய தொலைவு ஒன்றே. மலைக்கு இட்ட எண்ணும் அலகுமே வேறு.

நான்காவது ஒரு முகவரியும் இக்காலத்தில் எல்லோர் கையிலும் உள்ளது. கைத்தொலைபேசி செய்மதிகளைக் கேட்டு அகலக்கோட்டையும் நெட்டாங்கையும் கூறுகின்றது. பழைய படங்களின் ஓரத்திலும் அகலக்கோடு, நெட்டாங்கு உண்டு. இரண்டும் ஒன்றென எண்ணுவது இயல்பே. ஆனால் பழைய படம் எவரெஸ்ற் என்பார் 1830இல் கணித்த பூமி வடிவத்தைக் கொண்டு, கண்டவலவை நிலைப்புள்ளியாக வைத்து அமைந்தது. செய்மதியோ 1984ஆம் ஆண்டின் உலக வடிவத்தைக் கொண்டது. தலதா மாளிகை வாயிலில் நின்று தொலைபேசி கூறும் நெட்டாங்கைப் பழைய படத்தில் அப்படியே குறித்தால், புள்ளி இருநூறு மீற்றருக்குமேல் கிழக்கே தள்ளி விழும். தொலைபேசியும் பொய் சொல்லவில்லை, படமும் பொய் சொல்லவில்லை. ஒன்றின் எண்ணை மற்றதன் மொழியில் மாற்றாமல் படித்ததே பிழை.

இனி இக்கட்டங்கள் கணினித் திரைக்கு வந்த வரலாற்றைப் பார்ப்போம். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாண்டு என்னும் இளைஞர், ஒளியெழுதுகோலைத் திரையில் வைத்துக் கோடு வரையும் ஸ்கெட்ச்பாட் என்னும் முறையைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். அவர் திரையின் பக்கம் ஏழு அங்குலமே. ஆயின் அவர் வரைந்த தாள் கணினியின் நினைவில் இருந்தது. அதன் பக்கம் ஏறத்தாழக் கால் மைல் எனக் கொள்ளத்தக்க அளவுக்கு, இரண்டாயிரம் மடங்கு வரை பெருக்கிக் காட்ட முடிந்தது. திரையை அவர் தாளாகக் கருதவில்லை. தாளை நோக்கித் திறந்த பலகணியாகக் கருதினார். அடுத்த ஆண்டில் ரான்ட் நிறுவனம் பத்தங்குலப் பலகையொன்றைச் செய்தது. அதில் அங்குலத்துக்கு நூறு கோடுகள்; எழுதுகோலின் முனை பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளில் எதில் நிற்கின்றது என்பதை அது அறியும். இன்று எம் பிள்ளைகள் கையிலுள்ள மின்னெழுதுகோல்கள் இவற்றின் வழித்தோன்றல்களே.

பலகணி என்னும் உவமையைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதுகோல் திரையைத் தொட்டதும் கணினிக்குத் தெரிவது திரையின் எண் மட்டுமே: இடவோரத்திலிருந்து இத்தனை படப்புள்ளி, மேலோரத்திலிருந்து இத்தனை படப்புள்ளி. பலகணியை நகர்த்தினாலும், படத்தைப் பெருக்கினாலும், திரையெண் அதனை அறியாது. அந்த எண்ணையே கோடாகப் பதிந்து வைத்தால், படத்தை நகர்த்தியவுடன் கோடு கண்ணாடியில் ஒட்டிய இலைபோல அங்கேயே நின்றுவிடும். ஏரியின் கரை ஓரிடமும் அதற்கு வரைந்த கோடு வேறிடமுமாகும். ஆதலின் ஒவ்வொரு தொடுகையையும் தாளின் எண்ணாக மாற்றிய பின்னரே பதிதல் வேண்டும்.

கணக்கைக் கேட்டு அஞ்ச வேண்டாம், கழித்தலும் வகுத்தலுமே. கண்டி நகரின் பழைய படத்துண்டொன்று, ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுத்திட்டத்தில் உள்ளது என்போம். ஒரு மில்லிமீற்றருக்குப் பத்துப் படப்புள்ளி வீதம் அதனைக் கணினியில் ஏற்றினோம். அப்போது ஒரு படப்புள்ளி நிலத்தில் 5 மீற்றர். படத்தை இருமடங்கு பெருக்கித் திரையில் வைத்துள்ளோம். அதன் மேல் இடமூலை திரையின் இடவோரத்திலிருந்து 100, மேலோரத்திலிருந்து 100 என்னும் இடத்தில் உள்ளது. எழுதுகோல் 900, 500 என்னும் இடத்தைத் தொடுகின்றது. முதலில் மூலையைக் கழிக்கின்றோம்: 800, 400. பின்பு பெருக்கத்தால் வகுக்கின்றோம்: 400, 200. இவை தாளின் எண்கள். ஐந்தால் பெருக்கினால் மூலையிலிருந்து கிழக்கே 2,000 மீற்றர், கீழ்நோக்கி 1,000 மீற்றர். மூலையின் நிலவெண் கிழக்கு 183,000, வடக்கு 234,000 எனின், எழுதுகோல் தொட்ட நிலம் கிழக்கு 185,000, வடக்கு 233,000. கண்டி நகருக்குள்ளேதான் இருக்கின்றோம்.

கிழக்கெண்ணைக் கூட்டிய யாம் வடக்கெண்ணைக் கழித்தோம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொலைக்காட்சிக் குழாயில் மின்கற்றை மேல் இடமூலையிலிருந்து வரிவரியாகக் கீழிறங்கிப் படம் தீட்டிற்று. அவ்வழக்கத்தையே கணினித் திரையும் பின்பற்றியது. ஆதலின் திரையில் எண் கீழ்நோக்கி வளர்கின்றது. நிலத்தில் வடக்கெண் மேல்நோக்கி வளர்கின்றது. இதனை மறந்து கூட்டினால் 235,000 என வரும். புள்ளி இரண்டு கிலோமீற்றர் வடக்கே போய்விடும்.

இதனினும் நுண்ணிய பிழையொன்று உண்டு. கழித்தலையும் வகுத்தலையும் முன்பின்னாக மாற்றினால் என்ன? 900ஐ இரண்டால் வகுத்து 450; அதிலிருந்து 100ஐக் கழித்தால் 350. வரவேண்டியது 400. நிலத்தில் 250 மீற்றர் தவறு. வேடிக்கை யாதெனில், படத்தைப் பெருக்காமல் ஒரு மடங்காகவே வைத்திருக்கும்போது இப்பிழை தோன்றவே தோன்றாது; ஒன்றால் வகுப்பதை முன்னே செய்தாலென்ன, பின்னே செய்தாலென்ன! மென்பொருள் இயற்றுவோர் ஒரு மடங்கில் வைத்துச் சோதித்து, சரியென மகிழ்ந்து அனுப்பிவிடுவர். பெருக்கிப் பார்ப்பவரிடத்தில்தான் கோடு எழுதுகோலை விட்டு விலகியோடும்.

தாளும் தன் பங்குக்குத் தொல்லை தருவதுண்டு. கண்டியின் ஈரக்காற்றில் பல்லாண்டு இருந்த தாள் நீளப்பக்கம் ஒருவாறும் அகலப்பக்கம் வேறொருவாறும் நீண்டும் சுருங்கியும் இருக்கும். ஐம்பது சென்ரிமீற்றர் நீளமான தாள் நூற்றுக்கு அரைப்பங்கு சுருங்கினாலே இரண்டரை மில்லிமீற்றர் குறையும். அது நிலத்தில் 125 மீற்றர். போதாக்குறைக்குக் கணினியில் ஏற்றும்போது தாள் சற்றே சாய்ந்தும் இருக்கலாம். ஆதலின் ஒரு மூலையை மட்டும் நம்பாது, படத்தில் அச்சிட்ட கட்டக்கோடுகள் வெட்டும் இடங்களில் மூன்றைத் தொட்டு, அவற்றின் நிலவெண்களைக் கணினிக்குக் கூறுதல் வழக்கம். நகர்வு, சாய்வு, இருபக்கச் சுருக்கம் அனைத்தையும் அம்மூன்று புள்ளிகளிலிருந்து கணினி தானே அறிந்துகொள்ளும். நான்காவது புள்ளியொன்றையும் தொடுவது நன்று. அது முதல் மூன்றில் கைதவறியதைக் காட்டிக்கொடுக்கும்.

எந்தக் கட்டத்தின் எண்ணை இடுகின்றோம் என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும். அதற்கு எளிய வழியுண்டு. கண்டி நகரப் படத்தின் ஓரத்தில் வடக்கெண்ணைப் பார்க்க. அது 532 ஆயிரத்தை ஒட்டியிருந்தால் 1999ஆம் ஆண்டுக் கட்டம். 232 ஆயிரத்தை ஒட்டியிருந்தால் அதற்கு முந்திய மீற்றர்க் கட்டம். 211 ஆயிரத்தை ஒட்டியிருந்தால் யார்க் கட்டம். கிழக்கெண்ணை மட்டும் பார்த்தால் யாரும் மீற்றரும் இரண்டும் ஒன்றில் தொடங்குவதால் மயக்கம் உண்டாகும்.

இத்துணையும் சரிவரச் செய்தாலும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. அதுவே இம்மலைநாட்டு மக்கள் பலருக்கு வாழ்க்கைச் செய்தி. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து வந்த எம்மக்கள், தலைமுறை தலைமுறையாக லயங்களில் வாழ்ந்தனர். குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி என ஒன்று அவர் கையில் இருந்ததில்லை. 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டத்தின்கீழ் ஒரு பகுதியினருக்கு உறுதி கிடைத்தது. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். சதுரமாக அமைந்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று மீற்றருக்குச் சற்று மேல். மேலே கூறிய படத்தில் அது முழுமையாக மூன்று படப்புள்ளியும் ஆகாது. அப்படத்தில் அரை மில்லிமீற்றர்த் தடிப்பில் இழுத்த ஒரு கோடு நிலத்தில் 25 மீற்றரை மூடும். ஒரு குடும்பத்தின் காணி முழுவதும் அக்கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும்.

திரையில் இதனை நூறு மடங்கு பெருக்கலாம். கோடு வீதிபோல அகன்று தோன்றும்; எழுதுகோலின் முனையை அதன் நடுவிலோ ஓரத்திலோ மயிரிழை பிசகாமல் வைக்கலாம்; கணினியும் தசமத்தில் மூன்று தானம் வரை எண் கூறும். அந்த எண்ணைக் கண்டு மயங்குவோர் உளர். பெருக்குவதால் படத்தின் தோற்றம் பெருகுமேயன்றி, அளவையாளர் அன்று அளக்காத செய்தி அதில் புதிதாக வந்துவிடாது. சிறு அளவுத்திட்டப் படத்திலிருந்து எழுதுகோலால் பெயர்த்தெடுத்த எல்லையைக் கொண்டு வேலி போடச் சொன்னால், அயலார் இருவரும் நேர்மையாளராக இருந்தும் வழக்கு மன்றில் நிற்க நேரிடும்.

1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டமும், அதன்வழி வந்த பிம் சவிய வேலைத்திட்டமும், ஒவ்வொரு காணித்துண்டையும் நேரே நிலத்தில் அளந்து படமாக்குவதை வேண்டி நிற்பது இதனாலேயே. அளவையாளர் காணிக்குச் சென்று, மூலைக்கல்லில் கருவியை நாட்டி, ஆள்கூறுகளை எடுத்து வருகின்றார். அந்த நிலவெண்களைத் திரைக்குக் கொண்டுவரும்போது கணக்கு முன்னே யாம் செய்ததற்கு நேர் எதிராக நடைபெறுகின்றது: மூலையெண்ணோடு ஒப்பிட்டு மீற்றரைத் தாளின் புள்ளியாக்கி, அதனைப் பெருக்கத்தால் பெருக்கி, இறுதியில் திரையின் நகர்வைக் கூட்டுகின்றார்கள். 400ஐ இரண்டால் பெருக்கி நூறைக் கூட்டினால் மீண்டும் அதே 900.